இறக்கின போலோவுக்கு 16 அங்குல அலாய்: 195/55-ஆ, 195/50-ஆ, 205/45-ஆ?

கொங்குபோலோ (கோவை)

வணக்கம் நண்பர்களே. கார் 2016 போலோ ஜிடி டிஎஸ்ஐ, 71,000 கி.மீ. ஓடியிருக்கிறது. போன தீபாவளிக்கு லோயரிங் ஸ்பிரிங் மாட்டினேன். முன்னும் பின்னும் 40 மி.மீ. இறக்கம். கார் அழகாக உட்கார்ந்துவிட்டது, ஆனால் 15 அங்குலச் சக்கரம் மட்டும் பொம்மைக் கார் சக்கரம் மாதிரி சின்னதாகத் தெரிகிறது.

அதனால் பழைய சாமான் குழு ஒன்றில் ஒரு செட் அலாய் வாங்கிவிட்டேன். பின்பக்கம் பொறித்திருப்பது: 16 x 7ஜே (7 அங்குல அகலம்), ஈடி 35 (ஆஃப்செட்), 5 x 100 (ஐந்து போல்ட், 100 மி.மீ. வட்டம்), நடுத்துளை 73.1. கம்பெனிச் சக்கரத்தில் 6ஜே x 15, ஈடி 40 என்று இருக்கிறது. இப்போதுள்ள டயர் 185/60 ஆர்15.

டயர்க்கடையில் கேட்டால், "இதே காரின் அடுத்த மாடலுக்குக் கம்பெனியே 195/55 ஆர்16 கொடுத்திருக்கிறான், கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள்" என்கிறார்கள். நண்பன் 205/45 போட்டால்தான் பார்க்க நன்றாக இருக்கும் என்கிறான். அப்பா பழையதையே போடு என்கிறார். எது சரி?

சனிக்கிழமை_மெக்கானிக் (திருப்பூர்)

அப்பா சொல்வதைக் கேட்கிற வயது தாண்டிவிட்டது என்று தெரிகிறது, அதனால் மேலே பேசுவோம்.

கடைக்காரர் சொன்னது பொய் இல்லை. 195/55 ஆர்16 போலோவில் கம்பெனியிலிருந்தே வந்த அளவுதான். ஆனால் அது இறக்காத காருக்கு, கம்பெனிச் சக்கரத்தோடு சேர்த்துக் கொடுத்தது. உங்கள் கார் 40 மி.மீ. கீழே, சக்கரம் வெளியே தள்ளி நிற்கப்போகிறது. அங்கே பொருந்தியது இங்கேயும் பொருந்தும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

முதலில் மூன்று கேள்வி. பின்சீட்டில் ஆள் உட்காருவது உண்டா, இல்லை நீங்கள் மட்டும்தானா? இப்போதே எங்காவது உரசுகிறதா? ஸ்பிரிங் மாட்டியபோது பம்ப் ஸ்டாப்பை வெட்டினார்களா, முழுசாக விட்டார்களா? இந்த மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. சக்கரம் எவ்வளவு தூரம் மேலே ஏறிப்போய் நிற்கும் என்பதை அந்த ரப்பர்தான் தீர்மானிக்கிறது.

நான்குசக்கரம் (சென்னை)

கணக்கைப் போட்டுவிடுகிறேன், அப்புறம் சண்டை போடலாம்.

முதலில் விட்டம். 185/60 ஆர்15 என்றால் அகலம் 185 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 60 சதவீதம், சக்கரம் 15 அங்குலம். ஆக சக்கரம் 381 மி.மீ., பக்கச்சுவர் இரண்டு பக்கமும் 111, மொத்தம் 603 மி.மீ. இதுதான் அடிப்படை. 195/55 ஆர்16 போட்டால் 621, அதாவது 3 சதவீதம் பெரிது. 195/50 ஆர்16 போட்டால் 601, கிட்டத்தட்ட அதேதான். 205/45 ஆர்16 என்றால் 591, 2 சதவீதம் சிறிது. 205/50 ஆர்16 என்று ஒன்று உண்டு, 611.

3 சதவீதம் என்பது ஸ்பீடோமீட்டருக்குப் பெரிய விஷயமே இல்லை. முள் 100 காட்டும்போது முன்பைவிட 3 கி.மீ. வேகமாகப் போவீர்கள். நிஜ வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்பதற்காக மீட்டரைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படியேதான் செய்கிறார்கள். அதனால் ஊர் உலகத்தில் எல்லாரும் "3 சதவீதத்துக்குள் இருந்தால் சரி" என்று முடித்துவிடுவார்கள். இறக்கின காரில் அந்த விதி பாதிதான் உதவும். 18 மி.மீ. விட்டம் கூடினால் ஆரம் 9 கூடுகிறது. அந்த 9 மி.மீ. சக்கர வளைவின் உள்ளே போய் இடம் பிடிக்கிறது. ஏற்கெனவே 40-ஐ நீங்கள் கொடுத்துவிட்டீர்கள், இப்போது இன்னொரு 9.

அடுத்தது ஆஃப்செட், அதாவது ஈடி: காரோடு ஒட்டும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் இருக்கிறது என்பது. காரோடு ஒட்டும் முகத்திலிருந்து ரிம்மின் வெளி விளிம்பு எவ்வளவு தூரம் என்று பாருங்கள். பழையது 6ஜே, அதாவது 152.4 மி.மீ. பாதி 76.2, அதில் 40 கழித்தால் 36.2. புதியது 7ஜே, 177.8. பாதி 88.9, அதில் 35 கழித்தால் 53.9. ஆக ரிம் விளிம்பு 17.7 மி.மீ. வெளியே வருகிறது, உள்பக்கம் 7.7 மி.மீ. ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பர்) பக்கம் நகர்கிறது. ஈடி 40-லிருந்து 35-க்குத்தானே மாறுகிறது, 5 மி.மீ.தானே என்று நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். அகலம் கூடியதன் பாதியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தரைதட்டி (சென்னை)

16 எல்லாம் எதற்கு ப்ரோ? 17-க்குப் போயிருக்கலாம். 205/40 ஆர்17 விட்டம் 596, பழையதைவிடச் சின்னதுதான். உரசவே உரசாது. நான் மூன்று வருடமாக அதில்தான் ஓட்டுகிறேன். இசிஆரில் காற்று மாதிரி போகும்.

பள்ளத்தாக்கு (மதுரை)

இசிஆரில் காற்று மாதிரி போகும், மதுரை பைபாஸில் கல் மாதிரி போகும்.

நானும் 205/40 ஆர்17 வைத்திருந்தவள்தான். பக்கச்சுவர் 82 மி.மீ. உங்கள் 185/60-இல் அது 111. மழை பெய்து தண்ணீர் தேங்கிய ஒரு குழியில் 50 கி.மீ. வேகத்தில் இறங்கினேன். ரிம்முக்கும் குழி விளிம்புக்கும் நடுவில் டயர் நசுங்கி, உள்ளே இருக்கும் நூல் அறுந்துவிட்டது. வெளியே ஒன்றும் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்துப் பக்கச்சுவரில் கோழிமுட்டை அளவுக்குக் கொப்புளம். ரிம்மும் கோணல். பஞ்சர் கடையில் ஒட்டிச் சரிசெய்கிற சமாச்சாரம் இல்லை அது, டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். ஒரே வருடத்தில் இப்படி இரண்டு டயர் போயிற்று. விற்றுவிட்டு 16-க்கு வந்தேன்.

விட்டம் சின்னது, அதனால் உரசாது என்பது சரி. ஆனால் கீழே எது உரசும் என்று பாருங்கள். இறக்கின காரில் டயர் விட்டம் 7 மி.மீ. குறைந்தால் காரின் வயிறு இன்னும் 3.5 மி.மீ. தரையை நெருங்கும்.

நான்குசக்கரம் (சென்னை)

பள்ளத்தாக்கு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், இது யாரும் கவனிக்காதது. 205/40 ஆர்17 டயரில் பெரும்பாலும் "84 எக்ஸ்எல்" என்று இருக்கும். 84 என்பது எவ்வளவு சுமை தாங்கும் என்பதற்கான எண், எக்ஸ்எல் என்றால் கூடுதல் காற்றில் கூடுதல் சுமை தாங்கும் வகை. 185/60 ஆர்15-இலும் 84 இருக்கும். இரண்டுக்கும் 500 கிலோ, சமம் என்று தோன்றும். ஆனால் சாதாரண டயர் அந்த 500 கிலோவை 2.5 பார் காற்றில் தாங்கும், அதாவது 36 பிஎஸ்ஐ. எக்ஸ்எல் டயர் அதே 500-ஐத் தாங்க 2.9 பார் வேண்டும், 42 பிஎஸ்ஐ. 36-இலேயே ஓட்டினால் அது ஏறக்குறைய 445 கிலோவுக்கான டயர்தான். ஆகவே 17 போட்டவர்கள் காற்றைக் கூட்ட வேண்டும். கூட்டினால் சவாரி இன்னும் கல்லாகும்.

தரைதட்டி (சென்னை)

நான் 33 வைத்திருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லையே.

நான்குசக்கரம் (சென்னை)

பின்சீட்டில் ஆள் ஏற்றுவதில்லை என்று முன்பு ஒருமுறை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் ஆகவில்லை.

டயர்கடை_அண்ணாச்சி (திருநெல்வேலி)

தம்பிகளா, 22 வருஷமாக டயர் விற்கிறேன், நானும் ரெண்டு வார்த்தை சொல்கிறேன்.

கடைக்காரன் ஏன் 195/55 ஆர்16-ஐத் தள்ளுகிறான் தெரியுமா? பலேனோ, ஐ20 எல்லாவற்றுக்கும் அந்த அளவுதான். கடையில் எப்போதும் நாலு செட் கிடக்கும். 195/50 ஆர்16 கேட்டால் அவன் வரவழைக்க வேண்டும், வாங்காமல் போய்விட்டால் அவன் தலையில் உட்காரும். அவனைக் குறை சொல்லவில்லை, நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் உங்கள் காருக்கு எது என்பது வேறு கேள்வி.

அகலத்தைப் பற்றி எல்லாரும் தப்பாகவே பேசுகிறார்கள். 195 என்று எழுதியிருந்தால் 195 மி.மீ. என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு அளவுக்கும் ஒரு அளவுகோல் ரிம் உண்டு, அதில் மாட்டித்தான் அகலத்தைச் சொல்வார்கள். 195/50 ஆர்16-க்கு அது 6ஜே, அதில் அகலம் 201. 7ஜே ரிம்மில் ஏற்றினால் டயர் விரிந்து 211 ஆகும். அங்குலத்துக்கு 10 மி.மீ. என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 205/45 ஆர்16-க்கு அளவுகோல் ரிம்மே 7ஜேதான், அகலம் 206. அதாவது தம்பியின் ரிம்மில் 195/50, 205/45-ஐவிட ஒரு நூல் அகலமாகவே நிற்கும்! இதைச் சொன்னால் கடையில் யாரும் நம்புவதில்லை. கம்பெனிக்குக் கம்பெனி நாலைந்து மி.மீ. மாறும் என்பதும் உண்மை. அதனால் எண்ணைப் பார்த்து முடிவு கட்டாமல் டேப்பை வைத்துப் பாருங்கள்.

195/50 ஆர்16 டயருக்கு 5.5 முதல் 7 வரை ரிம் ஆகும். 7 என்பது கடைசி எல்லை. 205/45-க்கு 6.5 முதல் 7.5, நடுவில் சரியாக உட்காரும். ஆனால் 205/45 ஆர்16 பெரும்பாலும் 83 லோடு, 487 கிலோ. பழைய டயரைவிடக் குறைந்து போகக் கூடாது என்பது என் கடையில் சட்டம். நான் விற்க மாட்டேன்.

இன்னொன்று. அரிதான அளவு வாங்கும்போது தேதியைப் பாருங்கள். பக்கச்சுவரில் நாலு எண் நீள்வட்டத்துக்குள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம். ஓடாத அளவு கோடவுனில் வருஷக்கணக்காகக் கிடக்கும், அதைத் துடைத்துப் பளபளப்பு ஏற்றித் தருவார்கள்.

கொங்குபோலோ (கோவை)

அண்ணாச்சி, மிக்க நன்றி. இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை.

மெக்கானிக் அண்ணா கேட்டதற்குப் பதில்: பின்சீட்டில் அப்பா அம்மா, மாதம் இரண்டு முறை மருதமலை. மலை ஏற்றம், வளைவு, எல்லாம் உண்டு. இப்போது உரசல் இல்லை. பம்ப் ஸ்டாப்பைக் கொஞ்சம் வெட்டியதாகச் சொன்னார்கள், எவ்வளவு என்று தெரியாது.

வாங்கிய அலாயின் நடுத்துளை 73.1, கார் ஹப் (சக்கரம் போய் உட்காரும் நடுமுனை) 57.1 என்று படித்தேன். போல்ட் போட்டு இறுக்கினால் நடுவில் நின்றுவிடாதா?

சனிக்கிழமை_மெக்கானிக் (திருப்பூர்)

நிற்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் 80-ஐத் தாண்டினால் ஸ்டீயரிங் நடுங்கும், நீங்கள் நாலு முறை பேலன்சிங் செய்துவிட்டு டயரைத் திட்டுவீர்கள். 73.1-லிருந்து 57.1-க்கு ஹப் வளையம் கிடைக்கும். நாலும் வாங்கி மாட்டுங்கள். பிளாஸ்டிக்கே போதும், அலுமினியம் துருவோடு சேர்ந்து ஒட்டிக்கொள்ளும்.

இதைவிட முக்கியம் போல்ட். இது நட் போடுகிற கார் இல்லை, எம்14 போல்ட் நேராக ஹப்புக்குள் போகிறது. கம்பெனிப் போல்ட்டின் தலைக்கு அடிப்பக்கம் பந்து மாதிரி உருண்டையாக இருக்கும். வெளியில் வாங்கும் அலாய் பெரும்பாலும் கூம்பு உட்காரும் துளை. பந்துப் போல்ட்டைக் கூம்புத் துளையில் இறுக்கினால் ஒரு மெல்லிய வட்டக்கோட்டில் மட்டுமே தொடும். இறுகியது போலத் தெரியும், ஓட ஓடத் தளரும். நான் கைவைத்த ஒரு காரில் ஐந்தில் மூன்று போல்ட் விரலால் சுற்றும் அளவுக்கு வந்திருந்தது. கூம்புப் போல்ட் 20 தனியாக வாங்குங்கள். 120 நியூட்டன் மீட்டர், டார்க் ரெஞ்ச் வைத்து. 100 கி.மீ. ஓட்டியபின் மறுபடி ஒருமுறை.

பழைய போல்ட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஐந்தையாவது டிக்கியில் போட்டு வையுங்கள். ஸ்டெப்னி பழைய சக்கரம், அதற்குப் பந்துப் போல்ட்தான் வேண்டும். நடுரோட்டில் நிற்கும்போதுதான் இது எல்லாருக்கும் ஞாபகம் வரும்.

அந்த ஸ்டெப்னி விஷயத்திலேயே 195/55 அடிபட்டுப் போகிறது. முன்னால் ஒரு பக்கம் 621, இன்னொரு பக்கம் 603 என்று ஓட்டினால் டிஃபரன்ஷியல் (வளைவில் இரண்டு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கரங்கள்) நேர்ரோட்டிலும் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். 195/50 என்றால் 2 மி.மீ. வித்தியாசம், கவலையே இல்லை.

கிள்ளான்_மைவி (மலேசியா)

இங்கே நாங்கள் ஸ்போர்ட் ரிம் மாட்டும்போது செய்வது இதுதான், உங்களுக்கும் உதவலாம். என் வண்டி மைவி, கம்பெனி டயர் 185/55 ஆர்15. ஸ்பிரிங் இறக்கியபின் ரிம்மை மட்டும் வாங்கிக்கொண்டு, டயர் வாங்குவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அளந்தேன்.

பின்பக்க ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை மாட்டி, அடியில் ஜாக்கி வைத்து பம்ப் ஸ்டாப் தொடும் வரை தூக்கினேன். சக்கர வளைவின் விளிம்பில் பிள்ளைகள் விளையாடுகிற களிமண்ணை ஒட்டிவைத்தேன். எங்கே அமுங்குகிறதோ அங்கே உரசும். எத்தனை மி.மீ. அமுங்கியிருக்கிறது என்று அளந்தால் எத்தனை மி.மீ. குறைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். முன்பக்கத்துக்கு இதையே ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து ஒருமுறை. மகனின் களிமண் போனதுதான் செலவு.

கொங்குபோலோ (கோவை)

செய்துவிட்டேன்! களிமண் இல்லை, சப்பாத்தி மாவு. அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

கொத்தனாரிடம் தூக்குக்குண்டு கடன் வாங்கி, பின்பக்க வளைவில் உள்ளே மடிந்திருக்கும் தகட்டின் ஓரத்திலிருந்து தொங்கவிட்டு, பழைய டயரின் புடைப்பு வரை அளந்தேன். வலது பின்னால் 21 மி.மீ. இடது பின்னால் 16. ஏன் இரண்டும் ஒன்றாக இல்லை? கார் எங்காவது அடிபட்டதா?

சனிக்கிழமை_மெக்கானிக் (திருப்பூர்)

அடிபட்டிருக்கத் தேவையில்லை. பின் ஆக்ஸில் பீம் போல்ட்டுத் துளையில் கொஞ்சம் நகர இடம் இருக்கும், பாடி தகடும் மி.மீ. கணக்கில் கச்சிதமாக வருவதில்லை. 4, 5 மி.மீ. வித்தியாசம் நிறைய கார்களில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இணையத்தில் "என் காரில் உரசவில்லை" என்று யாராவது எழுதினால் நான் எதையும் நம்புவதில்லை. அவர் கார் அவருடையது.

நான்குசக்கரம் (சென்னை)

அந்த எண்ணை வைத்துக் கணக்கு: பழைய டயர் 6ஜே மீது ஏறக்குறைய 194 அகலம். பாதி 97, ஈடி 40 கழித்தால் புடைப்பு 57-இல் நிற்கிறது. புதியது அண்ணாச்சி கணக்குப்படி 211. பாதி 105.5, ஈடி 35 கழித்தால் 70.5. வெளியே வருவது 13.5 மி.மீ. ரிம் 17.7 வெளியே வந்தாலும் டயர் அவ்வளவு வருவதில்லை, அகல ரிம்மில் புடைப்பு குறைவு.

வலது 21 - 13.5 = 7.5. இடது 16 - 13.5 = 2.5.

அந்த 2.5-இல்தான் உங்கள் அப்பா உட்காரப்போகிறார்.

தரைதட்டி (சென்னை)

இன்னும் ஒல்லியான டயரைப் போட்டு ரிம் மேல் இழுத்து ஏற்றினால் தோள் உள்ளே சாயும், இடம் கிடைக்கும். ஸ்ட்ரெட்ச் என்று எல்லாரும் செய்வதுதானே.

டயர்கடை_அண்ணாச்சி (திருநெல்வேலி)

தம்பி, இழுத்து ஏற்றின டயரில் ரிம் விளிம்புதான் முதலில் கல்லில் படும். குழியில் இறங்கும்போது பீடு (ரிம்மைக் கவ்வும் டயர் ஓரம்) விலகிக் காற்று ஒரே நொடியில் போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கண்காட்சிக்கு நிறுத்தி வைக்கிற காருக்கு என்ன வேண்டுமானாலும் போடுங்கள். அப்பா அம்மாவோடு மலைக்குப் போகிற காருக்குக் கேட்டால் என் பதில் வேறு.

தரைதட்டி (சென்னை)

சரி அண்ணாச்சி, நான் மலைக்குப் போவதில்லை. 😀

கறுப்புக்கோட்டு (சேலம்)

யாரும் சொல்லாததால் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுப்படி, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றில் உள்ளவை மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவு அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. டயர் உடலுக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றால் வழியில் கைகாட்டி நிறுத்துவார்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதித் தெரிவித்துவிடுங்கள். விபத்துக்குப் பிறகு சர்வேயர் வந்து சக்கரத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினால் அப்போது வாதாடுவது கடினம்.

சனிக்கிழமை_மெக்கானிக் (திருப்பூர்)

வயிற்றைப் பற்றியும் ஒன்று. இந்த காருக்குத் தரை இடைவெளி சுமார் 165. 40 போனால் 125. இந்தியச் சாலைக் குழுமத்தின் விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் நீளம் இருக்க வேண்டும். அப்படிக் கட்டியிருந்தால் உங்கள் கார் மெதுவாக ஏறி இறங்கிவிடும். நம்மூரில் தெருவுக்கு இரண்டு பேர் சேர்ந்து மிச்சத் தாரில் ஒரு மேடு கட்டுகிறார்கள், அதற்கு எந்த விதி? அதனால் 591 விட்டத்தை நானும் வேண்டாம் என்பேன். 205/45 இன்னும் 6 மி.மீ. கீழே கொண்டுபோகும்.

என் முடிவு: 195/50 ஆர்16, 84 லோடு. இடது பின்பக்கத் தகட்டு ஓரத்தை மடக்க வேண்டியிருக்கும். மாட்டியபின் அலைன்மெண்ட் கட்டாயம். இறக்கும்போது டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மாறியிருக்கும். உள்பக்கம் தேய்ந்தால் எல்லாரும் கேம்பரை (முன்னிருந்து பார்த்தால் தெரியும் சாய்வு) திட்டுவார்கள், பெரும்பாலும் குற்றவாளி டோதான்.

கொங்குபோலோ (கோவை)

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

195/50 ஆர்16 84வி போட்டாயிற்று. முதல் கடையில் "ஸ்டாக் இருக்கிறது, உடனே வாருங்கள்" என்றார்கள். போய்ப் பார்த்தால் நாலு வருடத்துக்கு முந்தைய தேதி, மேலே பாலிஷ். அண்ணாச்சி சொல்லாவிட்டால் பணத்தைக் கொடுத்திருப்பேன். திரும்பி வந்து வேறு கடையில் ஆர்டர் போட்டு மூன்று வாரம் காத்திருந்தேன். ஹப் வளையம், கூம்புப் போல்ட், எல்லாம் மெக்கானிக் அண்ணா சொன்னபடி. 110-இல்கூட ஸ்டீயரிங் அசையவில்லை.

முதல் இரண்டு வாரம் தனியாகத்தான் ஓட்டினேன், எந்தச் சத்தமும் இல்லை. கணக்கெல்லாம் சும்மா பயமுறுத்தல் என்று இங்கே எழுதலாம் என்றுகூட இருந்தேன். அப்புறம் மருதமலை. இரண்டாவது வளைவில் இடது பின்னால் "ஸ்ர்ர்க்" என்று ஒரு சத்தம். அப்பா உடனே, "பழையதையே போடு என்று சொன்னேன்ல" என்றார். அவரை வலது பக்கம் உட்காரச் சொன்னேன். அம்மா இடது பக்கம். சத்தம் நின்றுவிட்டது! கீழே இறங்கும்வரை அம்மாவுக்கு ஒரே பெருமை.

தகட்டு ஓரத்தைச் சூடேற்றும் துப்பாக்கி வைத்து மெதுவாக மடக்கினார்கள். சூடேற்றாமல் மடக்கினால் பெயிண்ட் வெடித்துத் துரு பிடிக்கும் என்று முதலிலேயே சொல்லி, பெயிண்ட் கையைச் சுடும் அளவுக்கு வந்தபின்தான் உருளையை வைத்தார்கள். வலது பக்கத்தைத் தொடவில்லை. அதற்கப்புறம் நாலு பேரோடு போய்வந்துவிட்டேன், சத்தம் இல்லை. சவாரி பழையதைவிடக் கொஞ்சம் விறைப்பு, அது எதிர்பார்த்ததுதான்.

பள்ளத்தாக்கு (மதுரை)

குழியில் ஏதாவது இறங்கிப் பார்த்தீர்களா?

கொங்குபோலோ (கோவை)

இறங்கினேன், வேண்டுமென்று இல்லை. பக்கச்சுவர் 97 மி.மீ. தாங்கியது. ஆனால் ஆணி தாங்கவில்லை. போன வெள்ளிக்கிழமை இரவு பதினொன்றரை மணிக்குப் பெருந்துறை தாண்டி முன் வலது டயர் காற்று போய்விட்டது. என் இரும்பு ஸ்டெப்னியில் 2016-ஆம் வருட டயர் வெடித்துக் கிடந்ததால், பழைய அலாய் ஒன்றைத்தான் டிக்கியில் வைத்திருந்தேன். பந்துப் போல்ட் ஐந்தும் அம்மாவின் பழைய ஊறுகாய் டப்பாவில். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கால்மணி நேரத்தில் மாட்டிவிட்டேன். மெக்கானிக் அண்ணாவுக்கு ஒரு கும்பிடு.

சனிக்கிழமை_மெக்கானிக் (திருப்பூர்)

டப்பாவைக் கழுவினீர்களா? உப்பு எண்ணெய் இருந்தால் திருகு துருப்பிடிக்கும்.

கிள்ளான்_மைவி (மலேசியா)

பழைய 15 அங்குல ரிம் விற்பீர்களா? கோவையில் என் மச்சானிடம் ஒரு போலோ இருக்கிறது, ஒரு செட் தேடுகிறான்.

கொங்குபோலோ (கோவை)

ஒன்று ஸ்டெப்னியாகிவிட்டது. மீதி மூன்றுதான் இருக்கிறது.

தரைதட்டி (சென்னை)

மூன்று என்றால் ஆட்டோவுக்குத்தான் ஆகும் ப்ரோ. இறக்கித் தர நான் ரெடி.